மறதி நோயும் கார் ஓட்டமும்: இரண்டு தரம் அலைந்து தெரிந்துகொண்டவை

லைசன்ஸ் புதுப்பிக்க எடுக்கிற மருத்துவச் சான்றிதழே போதும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள். இலங்கையில் இலகு வாகன லைசன்ஸ் 8 வருஷத்துக்குச் செல்லும். மறதி நோயிலோ (டிமென்ஷியா) ஆறு மாதத்துக்குள்ளேயே ஆள் மாறிப்போகலாம்.

அப்பா இனியும் கார் ஓடலாமா என்று சோதிக்க அவரோடு கிளினிக்குக்குப் போன முதல் பயணம் முழு வீண். காலமை ஆறரைக்கு நம்பர் எடுத்து, பதினொரு மணிக்கு முறை வந்தபோது, கிளினிக் கொப்பி (நோயாளியின் பதிவுப் புத்தகம்) இல்லையென்று துண்டு எழுதுகிறவர் நிமிர்ந்தும் பார்க்காமல் திருப்பி அனுப்பிவிட்டார். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. கொப்பி, பாவிக்கிற கண்ணாடி, காதுக் கருவி, குடிக்கிற குளிசை எல்லாம் உறையோடு: இவை இல்லாமல் படி இறங்க வேண்டாம். கண்ணாடி இல்லாமல் சோதித்தால் பார்வைக் குறையை மறதியென்று எழுதிவிடுவார்கள். தூக்கக் குளிசையும் பிரிட்டோன் (Piriton) போன்ற அலர்ஜிக் குளிசையும் மூளையை மந்தமாக்கும். தைரொயிட், பி12 இரத்தப் பரிசோதனை முடிவுகளையும் கையோடு கொண்டுபோனால் இன்னொரு நாள் மிச்சம்.

இரண்டாம் தரம் 30 புள்ளிக் கேள்விகள் மட்டும் கேட்டார்கள்: திகதி, இடம், மூன்று சொல், நூறிலிருந்து ஏழேழாகக் கழித்தல். அப்பா 26 எடுத்தார். "பிரச்சினை இல்லை" என்று கொப்பியை மூடப் பார்த்தார்கள். அங்கேதான் விடக்கூடாது. 24 அல்லது அதற்குக் கீழே வந்தால் எச்சரிக்கை, உண்மை. மேலே வந்தால் ஓடலாம் என்று அர்த்தமில்லை. படித்த மனிதர் இந்தக் கேள்விகளைச் சமாளித்துவிடுவார். சந்தியில் மூன்று பக்கமும் பார்த்து, வருகிற பஸ்ஸின் வேகத்தைக் கணித்து, அந்த நொடியில் முடிவெடுப்பதை அவை அளப்பதில்லை.

அதனால் இரண்டைக் கேட்டு வாங்குங்கள். ஒன்று, மணிக்கூடு கீறுதல்: 11 மணி 10 நிமிஷம் காட்டச் சொன்னால் நிமிஷ முள்ளை 10 என்ற இலக்கத்துக்கே கொண்டுபோவது பெரிய அறிகுறி. மற்றது, இலக்கத்தையும் எழுத்தையும் மாறிமாறிக் கோட்டால் இணைப்பது. மூன்று நிமிஷம் தாண்டினாலோ மூன்று பிழை விட்டாலோ கவனிக்க வேண்டும். ஆங்கில எழுத்து வரிசை சரளமாக வராதவருக்கு இந்த முடிவு பிழையாகக் காட்டும், முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

எங்களைக் காப்பாற்றியது ஒரு தாள். "நான் வடிவா ஓடுறன்" என்று நோயாளி சொல்வதை நம்பித் தீர்ப்பெழுத முடியாது; வீட்டாரின் கணிப்புக்குப் பெறுமதி உண்டு என்று அமெரிக்க நரம்பியல் கழகத்தின் 2010 வழிகாட்டியே சொல்கிறது. பம்பரில் புதுக் கீறல், தெரிந்த வீதியில் தடுமாறியது, இரவில் எடுக்கப் பயப்படுவது, முந்தி இல்லாத ஆத்திரம், பக்கத்திலிருந்து அம்மா "இப்ப திருப்புங்கோ" என்று சொல்லவேண்டி வருவது: எல்லாவற்றையும் திகதியோடு எழுதி, முன்கூட்டியே தாதியிடம் கொடுத்தோம். நோயாளிக்கு முன்னால் வாயால் சொல்லவேண்டாம். மனிதர் கூனிக்குறுகிப் போவார், பிறகு எந்தச் சோதனைக்கும் ஒத்துழைக்க மாட்டார்.

தாளை வாசித்த பிறகுதான் வீதியில் ஓட்டிப் பார்க்கும்படி எழுதினார்கள். இரண்டாவது பிரேக் உள்ள பயிற்சிக் காரிலேயே செய்யுங்கள். கார் புதிது; முதல் பத்து நிமிஷத் தடுமாற்றத்தைக் கணக்கில் எடுக்கவேண்டாம். வீட்டிலிருந்து கோயிலுக்கு ஓடுவதில் ஒன்றும் தெரியாது, பழக்கம் மறைத்துவிடும். பழகாத வீதியில் ஓடவிட்டு, எதிர்வாகனத்தைக் குறுக்கே வெட்டி வலப்பக்கம் திருப்பச் சொல்லவேண்டும். ரயில் கடவையையும் சேர்க்கச் சொன்னோம். யாழ்ப்பாணத்தில் எங்கள் கொக்குவில் பக்கம் அது நாளாந்தப் பாடு. அப்பா இரண்டு வலத் திருப்பத்திலும் எதிரே வந்த மோட்டார் சைக்கிளைக் காணவில்லை. பயிற்றுநர்தான் பிரேக் பிடித்தார்.

நிறுத்தச் சொல்லி வைத்தியரே தன் கையால் எழுதி, அப்பாவுக்கே வாசித்துக் காட்டினார். பிள்ளைகள் சொல்லியிருந்தால் கேட்டிருக்க மாட்டார். அன்று பின்னேரமே தெரிந்த ஓட்டோக்காரரிடம் வெள்ளிக்கிழமைக் கோயிலுக்கும் சந்தைக்கும் நேரம் பேசிவிட்டோம். ஓடலாம் என்று எழுதிக் கொடுத்தாலும் ஆறு மாதத்தில் திரும்பச் சோதிக்கும் திகதியை அங்கேயே கொப்பியில் போடுவித்து வாருங்கள்.