மேல்நீரோடு போன முட்கள்

கடலடியில் ஒட்டி வாழும் எளிய விலங்கான கடற்பஞ்சின் வகைப்பாட்டில் பாதி வேலை கழுவுவதுதான். ஆய்வுக்கூடத்தில் சேர்ந்த புதிதில் யாராவது இதைச் சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

வெளித்தோற்றத்தை மட்டும் வைத்துப் பஞ்சுக்குப் பெயர் சொல்ல முடியாது. ஒரே இனம் ஓரிடத்தில் கிளைவிட்டும் இன்னோரிடத்தில் தட்டையாகவும் வளரும். உள்ளே இருக்கும் முட்களைத்தான் நம்ப வேண்டும். ஒரு துணுக்கைச் சோதனைக் குழாயில் போட்டு பிளீச் ஊற்றினால் சதை கரைந்து சிலிக்கா முட்கள் அடியில் தங்கும். அப்புறம் தண்ணீர் மாற்றி மாற்றிக் கழுவி, ஆல்கஹாலில் அலசி, ஸ்லைடில் சொட்டு விடுவோம். ஆறு கை முள் ஒன்று தெரிந்தாலே கண்ணாடிப் பஞ்சு என்று சொல்லிவிடலாம். கண்ணாடிப் பஞ்சுகளில் மோனோராபிஸ் சுனி என்ற ஒன்று ஒரே முள்ளை 3 மீட்டர் வரை வளர்த்து, அதைச் சேற்றில் ஊன்றி நிற்கிறது.

என்னிடம் வந்த மாதிரி அப்படி எளிதானதல்ல. விரல் நீளம்கூட இல்லை. மெல்லிய காம்பு, இருபுறமும் இழைகள். கிளடோரைசிடே குடும்பம் என்பது பார்த்ததுமே தெரிந்தது. உணவு அரிதான ஆழத்தில், தண்ணீரை வடிகட்டி உண்பதை விட்டுவிட்டு, இழைகளில் ஒட்டும் சிறு இறால் போன்ற உயிர்களைப் பிடித்துத் தின்னும் பஞ்சுகள் இவை. பிடிபட்ட இரையைச் சுற்றிச் செல்கள் மெல்ல நகர்ந்து வந்து மூடிச் செரித்துவிடும். வாசலே, பூரி-எனோ என்ற இரு ஆய்வாளர்கள் மத்தியதரைக் கடலோரக் குகை ஒன்றில் இதைப் பார்த்து 1995-இல் எழுதினார்கள். அதுவரை பஞ்சு வேட்டையாடும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

பேரினம் எது என்பதற்கு நுண்முட்கள் வேண்டும். ஐந்து ஸ்லைடு போட்டேன். எல்லாவற்றிலும் நீண்ட ஊசிகள் மட்டுமே. "நுண்முட்கள் இல்லை" என்று குறிப்பேட்டில் எழுதினேன்.

ஆய்வுக்கூடத்தில் எனக்கு வழிகாட்டும் மேடம் பார்த்துவிட்டு, "ஒவ்வொரு தடவையும் எவ்வளவு நேரம் படியவிட்டே?" என்று கேட்டார்.

"அஞ்சு நிமிஷம், மேடம்."

ஊசிகள் சட்டென்று அடியில் இறங்கிவிடும். மில்லிமீட்டரில் 100-இல் ஒரு பங்கே உள்ள நுண்முட்கள் தண்ணீரிலேயே மிதந்துகொண்டிருக்கும். அவற்றைத்தான் நான் மேல்நீரோடு சேர்த்துச் சிங்க்கில் கொட்டியிருந்தேன்.

இன்னொரு துணுக்கை வெட்டும்போது கை நடுங்கியது. இருந்ததே அவ்வளவுதான். இந்த முறை ஒவ்வொரு கழுவலுக்கும் ஓர் இரவு விட்டேன். எண்ணெய் விட்டு 100 மடங்கு லென்ஸில் பார்த்தபோது தெரிந்தது: ஒரு முனை அகன்று, மறுமுனை ஒடுங்கிய குட்டி நங்கூரம். அகன்ற முனையில் உள்ளங்கை விரித்தது போன்ற தகடு. பேரினம் அஸ்பெஸ்டோப்ளூமா.

பழைய ஐந்து ஸ்லைடுகளைத் தூக்கிப் போட மேடம் விடவில்லை. "அதுவும் அதோட உடம்புதான்" என்றார். லேபிளில் "நுண்முட்கள் கழுவலில் போயின" என்று எழுதி அதே பெட்டியில் வைத்தேன்.