சத்துணவுக் காசுக்காகப் பையனுக்கு பேங்க் கணக்கு தொடங்கிய கதை

எதற்கெடுத்தாலும் பிள்ளை பெயரில் கணக்கு எண் கேட்கிற காலம் இது. அதனால் 2021-ல் நான் அலைந்ததை எழுதி வைக்கிறேன், யாருக்காவது பஸ் காசாவது மிஞ்சட்டும்.

கொரோனாவில் பள்ளிக்கூடம் மூடிக் கிடந்தபோது சத்துணவுக்குப் பதிலாக அரிசி பருப்பு கொடுத்தார்களே, அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. 2020-ல் முதலில் கொடுத்தது மே மாதக் கணக்கு. ஐந்தாவது வரைக்கும் 3.1 கிலோ அரிசி, 1.2 கிலோ பருப்பு; ஆறிலிருந்து எட்டு வரைக்கும் 4.65 கிலோ அரிசி, 1.25 கிலோ பருப்பு. சின்னப் பிள்ளைக்கு நாளுக்கு 100 கிராம் அரிசி, பெரிய பிள்ளைக்கு 150 கிராம் அரிசி என்று 31 நாளுக்குப் போட்ட கணக்கு அது. அப்போது மகன் ஒன்றாவது, மகள் ஆறாவது. வகுப்புவாரியாக வரச் சொன்னார்கள், சத்துணவு அமைப்பாளர் அக்கா தராசில் நிறுத்துப் போட்டார், கையெழுத்துப் போட்டுவிட்டு டிவிஎஸ் எக்ஸெல்லில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். பிறகு மாதத்துக்கு 10 முட்டையும் சேர்ந்தது. அந்த முட்டையைத்தான் எங்கள் தெருவில் போட்டிருக்கும் கப்பிச் சாலையில் உடையாமல் கொண்டுவருவது பெரும்பாடு.

அது பணமாக மாறியபோதுதான் வினை வந்தது. சாப்பாடு போட முடியாவிட்டால் தானியமும் பணமும் கொடுக்க வேண்டும் என்று 2015-ல் போட்ட மதிய உணவு விதிகளிலேயே இருக்கிறது. 2021 மே 28-ந் தேதி மத்திய அரசு, சமையல் செலவுக்கான காசை ஒரே ஒரு முறை நேரடியாகப் பிள்ளைகளுக்கே கொடுக்கப்போவதாகச் சொன்னது. நாடு முழுக்க எட்டாவது வரை படிக்கிற 11.8 கோடிப் பிள்ளைகள், கிட்டத்தட்ட 1,200 கோடி ரூபாய். வகுத்துப் பாருங்கள், தலைக்கு 100 ரூபாய் சொச்சம். இந்த வகுத்தலை நாங்கள் யாரும் அன்றைக்குப் போடவில்லை, சொல்லவும் ஆளில்லை. ஆவணி மாதம் பள்ளி வாட்ஸப் குழுவில் வந்தது இதுதான்: பிள்ளையின் கணக்கு எண், ஐஎப்எஸ்சி, ஆதார் நகல், உடனே.

மகளுக்கு ஊக்கத்தொகைக்காக ஏற்கெனவே கணக்கு இருந்தது. அப்போது மூன்றாவது வந்திருந்த பையனுக்குத்தான் இல்லை.

டவுனில் பேங்க் வாசலில் 'குழந்தைகளை அழைத்து வரவேண்டாம்' என்று ஒட்டியிருந்தார்கள். சரி என்று தனியாகப் போனால் கவுண்டரில் முதல் கேள்வியே, "பையன கூட்டிட்டு வரலையா சார்?" வாசலைக் காட்டினேன். "அது பொதுவா போட்டது" என்றார். மறுபடி கூட்டிக்கொண்டு போனேன். அப்போது ஆதாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல கைக்குழந்தை போட்டோ இருக்கே, புதுப்பிச்சுட்டு வாங்க" என்றார். அதோடு பள்ளிப் பட்டியலில் பெயருக்கு முன்னால் இனிஷியல் இருக்கிறது, ஆதாரில் இனிஷியலே இல்லை. இதை முதல் தடவையே சொல்லியிருக்கலாம், நகல் அன்றைக்கே அவர் மேஜையில்தான் இருந்தது. பிள்ளைக்கு 5 வயது தாண்டியதும் ரேகையும் கண்ணும் எடுத்துவிடுங்கள். 7 வயதுக்குள் எடுத்தால் காசும் கிடையாது.

ஆதார் மையத்தில் காலையில் டோக்கன், கொரோனா என்பதால் அதுவும் கொஞ்சம்தான். குறுவைக்குக் களை எடுக்க ஆள் வைத்துவிட்டு நான் இங்கே வரிசையில் நிற்கிறேன். ஜூன் 12-ல் மேட்டூர் திறந்த வருஷம் அது, வயலில் வேலை தலைக்கு மேல் கிடந்தது. பெயர் மாற்ற என்ன ஆதாரம் என்றார்கள். பிறப்புச் சான்றிலும் இனிஷியல் இல்லை. அதற்கென்று ஒரு படிவம் இருக்கிறது, புகைப்படம் ஒட்டித் தலைமை ஆசிரியர் கையெழுத்துப் போட்டுத் தரவேண்டும். வாங்கிக்கொண்டு போனால், சீல் புகைப்படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது, படத்தின் மேல் பாதி விழவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். தயவுசெய்து இதைக் கவனியுங்கள். சீலும் கையெழுத்தும் படத்தில் பாதி, தாளில் பாதி இருக்க வேண்டும்.

எல்லாம் சரியாகி உட்கார்ந்தால் பையன் விரல் பிடிக்கவில்லை. வாய்க்காலிலேயே கிடக்கிற பிள்ளை, ரேகையெல்லாம் தேய்ந்து ஊறிப்போயிருந்தது. ஆபரேட்டர் பெண் நல்லவர். ஈரத்துணியால் துடைத்து, உலரவிட்டு, கட்டை விரலைத் தன் விரலால் மெதுவாக அழுத்திப் பிடித்துக்கொண்டார், அப்புறம்தான் திரையில் பச்சை வந்தது. நாள் முழுக்க என்னோடு சிரித்துப் பேசிய அரசாங்க முகம் அது ஒன்றுதான்.

புது ஆதாரோடு பேங்குக்குப் போனால், குறைந்தபட்ச இருப்பு 1,000 ரூபாய் கட்டச் சொன்னார்கள். இங்கேதான் நான் நகரவில்லை. இருப்பே வேண்டாத அடிப்படை சேமிப்புக் கணக்கு எல்லா பேங்கிலும் தரவேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. "அதெல்லாம் இப்ப குடுக்கறதில்ல சார்" என்றார். "குடுக்கறதில்லன்னு ஒரு தாள்ல எழுதிக் குடுங்க சார், ஸ்கூல்ல காட்டணும்" என்றேன். எழுதித் தருவாரா? உள்ளே போனார், மேலாளர் எட்டிப் பார்த்தார், ஜீரோ பேலன்ஸ் படிவம் அலமாரியிலிருந்து வந்துவிட்டது. 'எழுதிக் கொடுங்கள்' என்று கேட்டுப் பாருங்கள், சத்தம் போடாமலே வேலை நடக்கும்.

அதோடு முடிந்ததா என்றால் இல்லை. ஆதார் நகல் கொடுத்துக் கணக்கு தொடங்குவது வேறு, அரசுப் பணம் வருவதற்கு அந்தக் கணக்கோடு ஆதாரைச் சேர்ப்பது வேறு. அதற்குத் தனியாக ஒப்புதல் படிவம் கொடுக்க வேண்டும், கேட்டு வாங்காவிட்டால் தரமாட்டார்கள். கைபேசியில் *99*99*1# அடித்து ஆதார் எண்ணைப் போட்டால் எந்த பேங்கோடு சேர்ந்திருக்கிறது என்று வரும். ஒரே பிள்ளைக்கு இரண்டு கணக்கு இருந்தால் கடைசியாகச் சேர்த்த கணக்குக்குத்தான் பணம் போகும். பக்கத்து வீட்டு அக்கா பழைய பாஸ்புக்கை வைத்துக்கொண்டு பதிந்து பதிந்து பார்த்துக்கொண்டிருந்தது அதனால்தான்.

என் மச்சான் ஒருவர் இருக்கிறார், பள்ளிக்கூடத்துக்குச் செலவழிக்கிற காசு மொத்தத்தையும் பெற்றோர் கையில் கொடுத்துவிட வேண்டும் என்பார். அமெரிக்காவில் சவுத் கரோலினா ஆளுநர் 2020-ல் கொரோனா நிதியிலிருந்து 3.2 கோடி டாலரை எடுத்து, தனியார் பள்ளிக் கட்டணத்துக்காக ஒரு பிள்ளைக்கு 6,500 டாலர் வரை கொடுக்கப் பார்த்தாரே என்று உதாரணம் வேறு. அதே வருஷம் அக்டோபரில் அந்த மாநில உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்று சொன்னதை மட்டும் சொல்லமாட்டார். எனக்கு அந்த அரசியலில் கருத்து கிடையாது. ஆனால் மேட்டூரில் திறக்கிற தண்ணீர் கடைமடைக்கு வருகிற லட்சணம் எனக்குத் தெரியும், இந்தக் காசும் அப்படித்தான். அரிசி பருப்பு மட்டும் தராசில் ஏறி, என் சாக்கில் விழுந்து, சட்டிக்கு வந்து சேர்ந்தது. அந்த 100 ரூபாயையும் பருப்பாகவே போட்டிருந்தால் ஒரு கிலோவாவது தேறியிருக்கும். இதற்கு நான் கொடுத்த பஸ் காசும் ஜெராக்ஸ் காசும் களை ஆள் கூலியும் அதைவிட எத்தனையோ மடங்கு.

கணக்கு முழுதாகத் தயாராகிப் பள்ளியில் எண்ணைக் கொடுப்பதற்குள் நவம்பர் 1 வந்து ஒன்று முதல் எட்டு வரை வகுப்புகள் திறந்துவிட்டன. பாஸ்புக்கில் அந்த வருஷம் ஒரு வரவும் விழவில்லை. தலைமை ஆசிரியரிடம் கேட்டேன். "பட்டியல் மேல போயிடுச்சு தம்பி, என் கையில அவ்வளவுதான்" என்றார். அவரும் பாவம், ஒவ்வொரு பெற்றோருக்கும் போன் போட்டு எண் வாங்கியவர் அவர்தான்.

மகளுக்கு 15 வயது ஆனதும் மறுபடி ரேகை எடுக்க வேண்டியிருந்தது. அது ஒரு வேலையாகவே இல்லை. 2024-ல் 'பயிலும் பள்ளியிலேயே ஆதார்' என்று தொடங்கினார்கள், பள்ளிக்கே கருவியோடு வந்து எடுத்துக்கொண்டு போனார்கள். உங்கள் பள்ளிக்கு எப்போது வருகிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள், அன்றைக்குப் பிள்ளைக்கு லீவு போடாதீர்கள். பெயரில் இனிஷியல் திருத்தம் இருந்தால் அந்தத் தலைமை ஆசிரியர் படிவத்தை முதல் நாளே வாங்கிப் பையில் வைத்து அனுப்புங்கள். சீல் எங்கே விழவேண்டும் என்றுதான் மேலே சொல்லிவிட்டேனே.