மறின்னா நிறுத்துறது மட்டும் இல்ல

தெக்கத்திப் பக்கம் ஆடு மேய்க்கிறவங்க கூட கொஞ்ச நேரம் நின்னு பாருங்க, ஆடு சோளக்காட்டுப் பக்கம் திரும்புனதும் "ஏலே, ஆட்ட மறிலே"ன்னு ஒரு சத்தம் வரும், உடனே பையன் சுத்தி ஓடி மந்தைக்கு முன்னால போயி கம்ப குறுக்க நீட்டிக்கிட்டு நிப்பான், முன்னால வந்த ஆடு தலைய திருப்பும், பின்னால வர்றதெல்லாம் அது போற பக்கமே போயிரும். பின்னால இருந்து எவ்ளோ கத்துனாலும் அது மறிக்கிறது ஆகாது, வெரட்டுறதுதான். மறிக்கணும்னா முன்னால போய் நிக்கணும்.

இந்தச் சொல்லோட பழைய பொருளே திரும்புறதுதான், புரளுறதுதான். எரிஞ்சது எரிச்சான், முறிஞ்சது முறிச்சான் மாதிரி இதுக்கும் ஜோடி உண்டு: மறிந்தது, மறித்தான். தானா திரும்புனா மறிந்தது, இன்னொருத்தன் திருப்பிவிட்டா மறித்தான். பேச்சுல நம்ம பக்கம் பெரும்பாலும் ரெண்டாவதுதான் தங்கிருச்சு. மலையாளத்துல முதல் ஆளு இன்னும் நல்லா இருக்கார், வண்டி கவுந்தா "வண்டி மறிஞ்ஞு"ம்பாங்க. நம்ம பழைய பாட்டுல வர்ற மறிதிரையும் அதேதான், புரண்டு மடங்குற அலை.

அதனாலதான் தடுக்கிறதும் மறிக்கிறதும் ஒண்ணுன்னு சொன்னா எனக்கு மனசு ஒப்பாது. ரோட்டுல போலீஸ் வைக்கிற இரும்புக் கம்பி தடுப்பு, அதுக்கு மறியல்னு யாரும் பேரு வைக்கல. மறியலுக்கு ஆள் வேணும், எதிர்ல நிக்கிற ஆளு. 1921ல ஈரோட்டுல பெரியாரோட மனைவி நாகம்மையும் தங்கச்சி கண்ணம்மாவும் கள்ளுக்கடை மறியல்ல இறங்குனாங்க, கடைக்கு வர்றவன திருப்பி அனுப்புறதுதானே அங்க வேலை! 1953 ஜூலை 15, டால்மியாபுரம்ங்குற பேர மாத்தி கள்ளக்குடின்னு வைக்கணும்னு கருணாநிதியும் கூட இருந்தவங்களும் தண்டவாளத்துல படுத்தாங்க, அதுவும் மறியல்தான்.

ஈழத்துல இது வேற வழியில போயிருச்சு. அங்க மறியல்னா சிறை, ஒருத்தர் "மறியல்ல இருக்கிறார்"னா உள்ள இருக்கார்னு அர்த்தம். இலங்கைச் செய்தில "விளக்கமறியல்"னு வந்தா அத போராட்டம்னு நெனைச்சுறாதீங்க, நாம ரிமாண்ட்னு சொல்றதத்தான் அவங்க அழகா தமிழ்லயே சொல்றாங்க. விளக்கம்னா அங்க விசாரணை. இங்கயும் கோர்ட் செய்தில இந்தச் சொல்ல எடுத்துப் போட்டா எவ்ளோ நல்லா இருக்கும்!