சீக்கிரம் அடங்குகிற சத்தம்

"இது சீக்கிரம் அடங்கிருதுண்ணே, அதான் பிடிச்சிருக்கு."

டிரம் செட்டில் ஓங்கி அடிக்கிற சிம்பலுக்குப் பேர் கிராஷ். 16 இன்ச் பித்தளை கிராஷ் ஒன்றைத் தட்டிவிட்டு அந்தப் பையன் சொன்னது. மைனல் கம்பெனியின் எச்சிஎஸ், நான் வேலை பார்க்கும் இசைக்கருவிக் கடையில் இருப்பதிலேயே விலை குறைந்த வரிசை. "அடங்குறதுதான் தம்பி அதோட குறையே" என்றேன்.

பொய் சொல்லவில்லை. 63 சதவீதம் செம்பு, மீதி துத்தநாகம், தகட்டிலிருந்து செய்வது. அடித்தால் ஒரு 'டஷ்', அவ்வளவுதான். பக்கத்தில் மாட்டிக் காட்டியது வார்ப்பு வெண்கலம், 80 பங்கு செம்புக்கு 20 பங்கு வெள்ளீயம். 1623-இல் இஸ்தான்புல்லில் சிம்பல் தொழில் தொடங்கிய ஜில்ஜியன் குடும்பத்துக் கதையையும் எடுத்துவிட்டேன். கூட வந்திருந்த அவன் அப்பா அசந்துபோனார். பையன் மட்டும் பித்தளையை இன்னொரு தடவை தட்டினான். "அண்ணன் சொல்றதைக் கேளு" என்று அப்பா அதட்டினார். வெண்கலத்தையே வாங்கிப் போனார்கள். எனக்குக் கமிஷன் உண்டு. அதற்காகச் சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

அவன் வாசிப்பது சின்ன கிறிஸ்தவ சபையில், தகரக் கூரை. வந்ததும் முதலில் சொன்னதே அதைத்தான்.

நாலு மாதம் கழித்து அப்பா தனியாக வந்தார். "பாட்டே கேக்கலன்னு பாஸ்டர் சொல்றாரு சார். சத்தத்தைக் குறைக்க ஏதாச்சும் இருக்கா?" இருந்தது. சிம்பல் மேல் ஒட்டுகிற ஜெல் பாக்கெட். எடுத்துக் கொடுத்து பில்லும் போட்டேன்.

வளர்கிற பையன், நாளைக்குப் பெரிய மேடை ஏறுவான், நல்ல வார்ப்பு சிம்பல் வருஷக்கணக்காக உழைக்கும், எல்லாம் சரிதான். ஆனால் லெட் செப்லின் ராக் குழுவின் டிரம்மர் ஜான் பான்ஹம் அடித்த, பைஸ்டி கம்பெனியின் '2002' வரிசை சிம்பல் கூடத் தகட்டு வெண்கலம்தான், வெள்ளீயம் வெறும் 8 சதவீதம். தகடு என்றாலே மட்டம் என்று பேசும்போது அதை மட்டும் நான் சொல்வதில்லை.

அந்தப் பித்தளை கிராஷ், கண்டவர்களும் தட்டிப் பார்த்துக் கீறல் விழுந்து, ரேக்கிலேயே கிடந்தது. நானே கழிவு விலைக்கு எடுத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு மெல்லிசைக் குழுவில் வாசிக்கிறேன். சின்ன கல்யாண மண்டபம், பல்லவிக்குத் திரும்பும் இடத்தில் ஓங்கி ஒரு அடி. வழக்கமாகப் பாடுகிறவர் அந்த இடத்தில் திரும்பி முறைப்பார். அன்று முறைக்கவில்லை. அவர் அடுத்த சொல்லை எடுப்பதற்குள் சிம்பல் வாயை மூடியிருந்தது. "புதுசா? நல்லா இருக்கே" என்றார் கீபோர்டுக்காரர். விலையை நான் சொல்லவில்லை.

போன மாதம் பையன் ஸ்டிக் வாங்க வந்தான். இப்போதெல்லாம் ஓங்கி அடிப்பதே இல்லையாம், நுனியால் தொட்டுத்தான் வாசிக்கிறானாம். கை பக்குவப்பட்டுவிட்டது என்று ஒரு நிமிஷம் சந்தோஷப்பட்டேன். பதினாறு வயதில் ஓங்கி அடிக்காமல் வேறு எப்போது அடிப்பது என்றும் தோன்றியது.

போகும்போது கேட்டான்: "அந்தப் பித்தளை இன்னும் இருக்காண்ணே?"

"வித்துப்போச்சுப்பா" என்றேன்.