சொத்துல பங்கு கொடுக்கலாமான்னு அண்ணன் தம்பிங்க கிட்டயே ஓட்டெடுத்த நாடு

மாசத்துக்கு ஒரு தடவையாவது யாராவது ஒரு குரூப்ல அந்த ஃபார்வர்ட போட்டுடுவாங்க. சுவிட்சர்லாந்துல சட்டம் போடணும்னாலும் வரி ஏத்தணும்னாலும் மக்கள் கிட்ட கேட்டுத்தான் செய்வாங்களாம், அதுதான்யா ஜனநாயகம், நம்ம ஊரும் இருக்கேன்னு கீழ நாலு கைதட்டல் எமோஜி. பொய்யில்ல, நிஜமாவே கேக்குறாங்க. ஆனா 1971 பிப்ரவரி வரைக்கும் நாடு முழுக்க நடந்த எந்த வாக்கெடுப்புலயும் அவங்க பொம்பளைங்க கிட்ட எதுவுமே கேட்டதில்ல. 1848-லயே ஆம்பளைங்களுக்கு ஓட்டு கொடுத்த நாடு, ஐரோப்பாவுலயே ரொம்ப முன்னாடி, அதே ஓட்டு வீட்டுக்குள்ள இருந்த அம்மாவுக்கும் பொண்டாட்டிக்கும் வந்து சேர 123 வருஷம்.

இத படிச்சா எல்லாரும் சொல்ற காரணம், மலைநாடு, பழமைவாதிங்க, அப்படித்தான் இருப்பாங்கன்னு. எனக்கு அது ஒத்துக்கல. பழமைவாதிங்க இல்லாத நாடு எது? நியூசிலாந்துல 1893-ல பெண்களுக்கு ஓட்டு கொடுக்கற சட்டம் மேலவையில 20க்கு 18னு ரெண்டே ரெண்டு ஓட்டு வித்தியாசத்துல பாஸாச்சு, அங்கயும் எதிர்ப்பு இருந்துச்சு, ஆனா சம்மதிக்க வைக்க வேண்டியது சபையில உக்காந்திருந்த கொஞ்சம் பேர மட்டும்தான். சுவிஸ்ல அது அரசியல் சாசன திருத்தம். அதுக்கு நாடு முழுக்க வாக்கெடுப்பு நடத்தணும், ஓட்டு போட்டவங்கள்ல பெரும்பான்மை வேணும், அது போக பாதிக்கு மேல கன்டன்களும் (அவங்க மாநிலங்கள அப்படித்தான் சொல்றாங்க) ஆமான்னு சொல்லணும். ஓட்டு போடுறது யாரு, ஆம்பளைங்க மட்டும். பொண்ணுக்கு சொத்துல பங்கு கொடுக்கலாமான்னு அண்ணன் தம்பிங்க கிட்டயே ஓட்டெடுத்தா என்ன ஆகுமோ அதான் ஆச்சு.

பொம்பளைங்க கேக்காம இருந்தாங்களான்னா, கேட்டுக்கிட்டேதான் இருந்தாங்க. 1918 நவம்பர்ல நாடு முழுக்க நடந்த பொது வேலைநிறுத்தத்துல வச்ச ஒன்பது கோரிக்கைல ரெண்டாவதே பெண்களுக்கு ஓட்டுதான். அதே வருஷம் நாடாளுமன்றத்துல தீர்மானம் கொண்டு வந்தாங்க, அரசாங்கம் வாங்கி கிடப்புல போட்டுச்சு. 1928-ல பெர்ன்ல பெண்கள் வேலை பத்தி ஒரு பெரிய கண்காட்சி நடந்தப்போ, ஊர்வலத்துல ஒரு பெரிய நத்தைய செஞ்சு வண்டியில இழுத்துட்டு போனாங்க, எங்க ஓட்டு வர்ற வேகம் இதான்னு. அடுத்த வருஷம் கிட்டத்தட்ட 2.5 லட்சம் கையெழுத்தோட மனு கொடுத்தாங்க, அதுல 78 ஆயிரத்துக்கு மேல ஆம்பளைங்க போட்ட கையெழுத்து. அதுவும் கிடப்புக்கே போச்சு. நத்தையே முந்திருக்கும்.

எதிர்ப்பு போஸ்டர்கள பத்தி தனியாவே ஒரு போஸ்ட் எழுதலாம், அவ்ளோ இருக்கு. என்னால மறக்க முடியாதது 1946-ல பாசெல்ல வந்தது. குழந்தை வாயில வைக்கிற ரப்பர் நிப்பிள், அது மேல ஒரு ஈ, "பெண்கள் வாக்குரிமை வேண்டாம்"னு எழுத்து, அவ்ளோதான். அம்மா ஓட்டு போட போனா புள்ளைய ஈ மொய்க்கும்னு ஒரு வார்த்தை கூட சொல்லாம சொல்லிட்டான் அந்த ஓவியன். டிசைனா பாத்தா அட்டகாசம், அதான் இன்னும் எரிச்சலா இருக்கு. எங்களுக்கு ஓட்டு வேண்டாம்னு பொம்பளைங்களே ஒரு சங்கமும் வச்சிருந்தாங்க. எல்லா ஊர்லயும் இருக்குற கதைதான், விடுங்க.

1957-ல ஒரு கூத்து நடந்துச்சு. பெண்களயும் சிவில் டிஃபன்ஸ் (போர், பேரழிவு வந்தா பொதுமக்கள காப்பாத்துற படை) வேலைக்கு கட்டாயமா இழுக்கணும்னு ஒரு திட்டம், அதுக்கு ஆம்பளைங்க மட்டும் ஓட்டு போடுற வாக்கெடுப்பு! வாலிஸ் மலைப்பக்கம் உன்டர்பேக்னு ஒரு குட்டி கிராமம், அந்த ஊர் கவுன்சில், வேலை செய்யப்போறது அவங்கதானே அப்போ அவங்களும் போடட்டும்னு முடிவெடுத்துடுச்சு. ஊர் தலைவர் மனைவி கத்தரீனா சென்ஹாய்சர்ன் முதல் ஆளா போட்டாங்க, மொத்தம் 33 பொம்பளைங்க போட்டாங்க. மேல இருந்தவங்க இது செல்லாதுன்னு முன்னாடியே சொல்லிட்டதால அந்த ஓட்டு எல்லாம் தனி பெட்டிக்குள்ள போச்சு, கணக்குல வரல. கட்டாய வேலை மட்டும் உண்டு, ஓட்டு கிடையாதுங்கறது எவ்ளோ அசிங்கமா இருக்குன்னு அப்போதான் அரசாங்கத்துக்கே கொஞ்சம் உறைச்சுது.

அப்படி ஒருவழியா 1959 பிப்ரவரி 1-ஆம் தேதி வாக்கெடுப்பு வந்துச்சு. வேண்டாம்னு 6 லட்சத்து 55 ஆயிரம் பேர், வேணும்னு 3 லட்சத்து 24 ஆயிரம் பேர். மூணுல ரெண்டு பேர் வேண்டாம்னுட்டாங்க. ரெண்டு நாள் கழிச்சு பாசெல்ல பெண்கள் மேல்நிலைப் பள்ளி டீச்சருங்க கிளாஸுக்கு போகாம ஸ்ட்ரைக் பண்ணாங்க. எவ்ளோ கடுப்புல இருந்திருப்பாங்கன்னு யோசிச்சு பாருங்க, பொண்ணுங்களுக்கு குடிமையியல் பாடம் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நடத்துறது. ஒரே ஆறுதல், அன்னிக்கே வோ கன்டன்ல மட்டும் உள்ளூர் அளவுல பெண்களுக்கு ஓட்டு பாஸாச்சு, பின்னாடியே நூஷாடெல், ஜெனிவான்னு பிரெஞ்சு பேசுற பக்கம் ஒவ்வொண்ணா வழிக்கு வந்துச்சு.

அப்புறம் 1968-ல அரசாங்கமே வம்ப விலைக்கு வாங்குச்சு. ஐரோப்பிய மனித உரிமை ஒப்பந்தத்துல கையெழுத்து போடுறோம், ஆனா பெண்களுக்கு ஓட்டு இல்லாததால அந்த பகுதிக்கு மட்டும் விலக்கு கொடுங்கன்னு கிளம்புனாங்க. மனித உரிமை ஒப்பந்தத்துல பாதி மனுஷங்களுக்கு விலக்கு! 1969 மார்ச் 1-ஆம் தேதி பெர்ன் நாடாளுமன்றத்துக்கு முன்னாடி 5000 பேர் கூடிட்டாங்க. சிவப்பு கோட்டு போட்டுக்கிட்டு, போராட்டத்த முன்ன நின்னு நடத்துன எமிலி லீபர்ஹெர் மைக்க புடிச்சு, நாங்க பிச்சை கேக்க வரல, உரிமைய கேக்குறோம்ங்கற தொனியில தீர்மானத்த படிச்சாங்க. வாங்கிக்க ஒரு மந்திரி கூட வெளிய வரல. கூட்டமே விசில் எடுத்து ஊத ஆரம்பிச்சுட்டாங்க. இதுல இன்னொண்ணு, பல வருஷமா இதுக்காகவே உழைச்ச பெரிய பெண்கள் சங்கங்க அந்த ஊர்வலத்துக்கு வரமாட்டேன்னு சொல்லிட்டு ஒரு ஹாலுக்குள்ள தனியா கூட்டம் போட்டாங்க, சத்தம் போட்டா ஆம்பளைங்க கோவப்பட்டு இன்னும் தள்ளி போட்டுடுவாங்களோன்னு பயம். அவங்கள குத்தம் சொல்ல எனக்கு மனசு வரல, ஓட்டு அந்த ஆம்பளைங்க கையிலதானே இருந்துச்சு. ஆனாலும் காரியம் நடந்தது விசில் சத்தத்துக்கு அப்புறம்தான்.

1971 பிப்ரவரி 7. வேணும்னு 6 லட்சத்து 21 ஆயிரம், வேண்டாம்னு 3 லட்சத்து 24 ஆயிரம். மேல 1959 கணக்க ஒரு தடவ பாருங்க, வேணும்னு சொன்னவங்களும் அதே 3 லட்சத்து 24 ஆயிரம்தான், பன்னெண்டு வருஷத்துல அப்படியே தலைகீழா திரும்பிருக்கு. அந்த வருஷம் அக்டோபர் தேர்தல்ல 200 பேர் சபைக்கு 10 பொம்பளைங்க ஜெயிச்சு போனாங்க.

இந்த இடத்துல நம்மாளுங்க கணக்கு ஒண்ணு இருக்கு. 83 கலவரத்துக்கு அப்புறம் எவ்வளவோ ஈழத்தமிழ் குடும்பங்க சுவிஸ் போய் சேந்தாங்கல்ல, இலங்கையில 21 வயசான எல்லா பெண்களுக்கும் 1931-லயே ஓட்டு (அந்த முதல் தேர்தல யாழ்ப்பாணம் பகிஷ்கரிச்சது வேற கதை). அதாவது அகதியா போய் இறங்குன யாழ்ப்பாணத்து பாட்டிக்கு அடைக்கலம் கொடுத்த ஊர் பாட்டிய விட நாப்பது வருஷம் முன்னாடியே ஓட்டு இருந்திருக்கு. மெட்ராஸ் மாகாணத்துலயும் 1921-லயே வந்துடுச்சு, என்ன, சொத்து இருக்கறவங்களுக்கு மட்டும்.

71-ல வந்தது நாட்டு அளவுல ஓட்டு. கன்டன் விஷயத்துக்கு அந்தந்த கன்டன்தான் கொடுக்கணும். அப்பென்சல் இன்னர்ரோடன்னு ஒரு குட்டி கன்டன், அங்க ஏப்ரல் கடைசி ஞாயித்துக்கிழமை எல்லாரும் ஊர் நடுவுல திறந்தவெளியில நின்னு கைய தூக்கி ஓட்டு போடுவாங்க. ஆம்பளைங்களுக்கு அடையாள அட்டைக்கு பதிலா இடுப்புல செருகுன வாள் போதும், அப்பன் பாட்டன் வச்சிருந்தது. 1973-ல கேட்டாங்க, இல்ல. 1982-ல கேட்டாங்க, இல்ல. 1990-லயும் கைய தூக்கி இல்லன்னுட்டாங்க. உலகக்கோப்பைய டிவியில பாத்துட்டிருந்த 1990-ங்க! தெரேசா ரோனர்னு அந்த ஊர்க்காரங்களே கோர்ட்டுக்கு போனாங்க. 1981-லயே ஆணும் பெண்ணும் சமம்னு நாட்டு சாசனத்துல சேத்தாச்சு, கன்டன் சட்டத்தையும் அதோட சேத்துத்தான் படிக்கணும்னு நவம்பர்ல உச்ச நீதிமன்றம் ஒருமனதா தீர்ப்பு கொடுத்துடுச்சு. யார் கிட்டயும் கேக்கல. அடுத்த ஏப்ரல்ல பொம்பளைங்களும் வந்து நின்னு கைய தூக்குனாங்க. ஆம்பளைங்க இன்னிக்கும் வாளோட வரலாம், பொம்பளைங்க அட்டைய காட்டணும்.

ஓட்டு வந்து என்ன மாறுச்சுன்னு கேக்குறவங்களுக்கு 1985 வாக்கெடுப்ப சொல்லுவேன். அது வரைக்கும் சுவிஸ் சட்டப்படி குடும்பத்துக்கு தலைவன் புருஷன், அவன் சம்மதம் இல்லாம பொண்டாட்டி வேலைக்கு போக முடியாது. இத மாத்துற புது திருமண சட்டத்துக்கு எதிரா வாக்கெடுப்பு கேட்டு நின்ன ஆளு கிறிஸ்டோஃப் ப்ளோக்கர்ங்கற வலதுசாரி அரசியல்வாதி. சட்டத்துக்கு ஆதரவா நின்னது எலிசபெத் கோப், முந்தின வருஷம்தான் முதல் பெண் மந்திரியா வந்தவங்க. கிட்டத்தட்ட 55 சதவீதத்துல சட்டம் தப்பிச்சுது, பின்னாடி எடுத்த சர்வேல பாத்தா ஆம்பளைங்கள்ல பாதிக்கு மேல வேண்டாம்னுதான் போட்டிருக்காங்க, காப்பாத்துனது பெண்கள் ஓட்டு.

அந்த ப்ளோக்கர் 2003-ல மந்திரியானாரு. அவருக்கு இடம் விட்டு வெளிய போனது, 1872-க்கு அப்புறம் பதவியில இருக்கும்போதே நாடாளுமன்றம் தோக்கடிச்ச முதல் மந்திரி ரூத் மெட்ஸ்லர். அவங்க எந்த கன்டன்ல இருந்து வந்தவங்கன்னு நினைக்கிறீங்க, அதே அப்பென்சல் இன்னர்ரோடன்.