அவுட்டோர் ஷூட்டுக்குத் தரங்கம்பாடியைப் பிடித்த கதை

தை மாதக் கல்யாணம் ஒன்றுக்கு அவுட்டோர் ஷூட் பேசியிருந்தோம். பெண்ணுக்கு மயிலாடுதுறை, மாப்பிள்ளைக்குச் சென்னையில் வேலை. அவருக்கு லீவு கம்மி. தாலி கட்டிய வாரத்திலேயே ஒரே நாளில் எல்லாவற்றையும் எடுத்து முடித்தாக வேண்டும். மாப்பிள்ளை வாட்ஸ்அப்பில் அனுப்பிய ரீல்ஸில் பாதி புதுச்சேரி பிரெஞ்சுத் தெருக்களின் மஞ்சள் சுவர், மீதி காரைக்குடிப் பக்கத்துச் செட்டிநாட்டு வீடு. பெண்ணின் அம்மா ரீல்ஸ் எதையும் பார்க்கவில்லை. “தம்பி, பொண்ணு எங்க புடவை மாத்தும்?” என்று மட்டும் கேட்டார்.

லொக்கேஷன் தேடுகிறவர்கள் எடுத்தவுடன் கேட்க வேண்டியது அதைத்தான் என்பேன். மூன்று புடவை, நகை, பூ, மேக்கப் பெட்டி, கூட வரும் அத்தை சித்தி எல்லாருக்கும் நிழல், கழிவறை, ஒரு கண்ணாடி. இவை இல்லாத இடம் எவ்வளவு அழகாக இருந்தாலும், பத்து மணிக்குப் பெண்ணின் முகத்தில் களைப்பு தெரிந்துவிடும். அதை எந்த எடிட்டிங்கும் எடுக்காது.

புதுச்சேரியை முதலில் கழித்தேன். போய்ச் சேரவே மூன்று மணி நேரம் ஆகிவிடும். நல்ல சுவருக்கு முன்னால் எல்லாம் ஸ்கூட்டர் நிற்கும், சனி ஞாயிறு என்றால் ஒரே தெருவில் நாலு ஜோடி வரிசையில் நிற்கும். அந்த மஞ்சள் சுவரில் வேறொரு சங்கடமும் உண்டு. வெயில் பட்ட சுவருக்குப் பக்கத்தில் ஆளை நிறுத்தினால் அந்த மஞ்சள் கன்னத்தில் ஏறிக்கொள்ளும். மாநிறத்துக்கு அது காமாலை போலத் தெரியும். காரைக்குடி வீடுகளுக்குக் கேட்ட வாடகை எங்கள் பட்ஜெட்டில் பாதி. பெண்ணின் அப்பாவுக்குக் கங்கைகொண்ட சோழபுரம் மேல் ஆசை. பக்கம்தான், கம்பீரமும்தான். ஆனால் மத்திய தொல்லியல் துறையின் பராமரிப்பில் உள்ள இடம், ட்ரைபாட் நிறுத்தவே முன்கூட்டி அனுமதி வேண்டும். அதற்குக் கையில் நாள் இல்லை.

அப்போதுதான் தரங்கம்பாடி நினைவுக்கு வந்தது. மயிலாடுதுறையிலிருந்து சுமார் முப்பது கிலோமீட்டர், செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர் வழியாக. 1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் உடன்படிக்கை செய்துகொண்டு டேனிஷ்காரர்கள் கட்டிய டேன்ஸ்போர்க் கோட்டை கடலைப் பார்த்து நிற்கிறது. மேற்கே 1792-இல் எழுப்பிய வெள்ளை நுழைவாயில். அங்கிருந்து கிழக்கே கடல் வரைக்கும் ராஜா வீதி, வழியில் பழைய தேவாலயங்கள். பழைய சுவர், தூண் வைத்த வீடு, மணல், கடல் எல்லாமே நடந்து போகிற தூரத்துக்குள். வேன் ஏறி இறங்கி நேரத்தைத் தின்னாத ஊர் என்பதே எனக்குப் பெரிய காரணம்.

ரெக்கிக்கு, அதாவது ஷூட்டுக்கு முன்பே இடம் பார்த்து வர, என் உதவியாளனையும் கூட்டிக்கொண்டு போனேன். ரெக்கி போகிறவர்கள் பெரும்பாலும் மத்தியானம் சும்மா இருக்கிற நேரத்தில் போய், நாலு படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். ஷூட் எந்த நேரத்திலோ அந்த நேரத்தில் போனால்தான் புரியும். விடியலில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை போய்ப் பார்த்தோம். சூரியன் எங்கே எழும், எங்கே விழும் என்று காட்டும் ஆப் போனில் இருக்கிறது. ஆனால் எதிர்வீட்டு வேப்பமரத்தின் நிழல் எங்கே விழும் என்று அது சொல்லாது.

நம் கிழக்குக் கரையில் கடலில் சூரிய உதயம்தான் உண்டு, அஸ்தமனம் கிடையாது. மாப்பிள்ளை கேட்ட ‘சன்செட் பீச் ஷாட்’ இந்தக் கரையில் நடக்காது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். தையில் ஆறரை மணியை ஒட்டி உதயம். கோட்டையின் கடல் பார்த்த சுவரில் அந்த வெயில் நேராக அடிக்கும். பிற்பகல் மூன்று மணிக்கு மேல் அதே சுவர் முழு நிழல். எதிரே திறந்த வானம் இருப்பதால் முகத்தில் மெத்தென்ற ஒளி விழும், கண்ணைச் சுருக்க வேண்டியதில்லை. கீழே கிடக்கும் மணல் தாடைக்கு அடியில் விழும் நிழலையும் தூக்கிக் கொடுத்துவிடும். ரிஃப்ளெக்டர் பிடிக்கத் தனியாக ஆள் வேண்டாம்.

ராஜா வீதி கிழக்கு மேற்காக ஓடுவது. தையில் சூரியன் தெற்கே சாய்ந்து போவதால் வடசிறகில், அதாவது தெருவின் வடக்கு வரிசையில், வீடுகளின் முகப்பில் வெயில், தென்சிறகில் நிழல். எட்டு மணிக்கு ஆட்களைத் தென்சிறகு நிழலில் நிறுத்தினால், எதிர்ச்சிறகிலிருந்து வெயில் திருப்பி அடித்து முகம் தெளிகிறது. வெள்ளை நுழைவாயிலுக்கு முன்னால் அரக்குப் பட்டு எடுப்பாக இருக்கும் என்று தோன்றியது. ஆனால் மாலை வெயில் மேற்கு முகத்தில் நேராக அடிக்கும்போது வெள்ளை வெளுத்துப்போய் விவரமே நிற்காது. காலையில் அந்தப் பக்கம் நிழலாக இருக்கும்போதே எடுப்பது என்று குறித்துக்கொண்டேன். வண்டிகள் அதன் வழியாகப் போய்வருவதால் ஏழு மணிக்குள் முடிக்க வேண்டும் என்பதையும் சேர்த்து.

காற்றைப் பற்றி யாரும் சொல்வதில்லை. தையில் வாடைக்காற்று இன்னும் இருக்கும், பத்து மணிக்கு மேல் பலப்படும். பெண்ணை வடக்கு, வடகிழக்கு பார்த்து நிறுத்தினால் முடி பின்னால் போகும். தெற்கே திருப்பினால் முடி முழுக்க முகத்தில்தான். லென்ஸில் உப்புப் படலமும் படியும். துடைக்கத் துணி கொண்டுபோகாதவர் கரையில் கால் வைக்க வேண்டாம்.

அப்புறம் அனுமதி. கோட்டைக்கு வெளியே கரையில் நின்று எடுப்பது ஒன்று, உள்ளே எடுப்பது வேறு. உள்ளே எடுக்கக் கடிதம் கொடுத்து முறைப்படி கேட்டுக்கொண்டோம். கரையில் இருக்கும் மாசிலாமணிநாதர் கோயில் 1306-ஆம் ஆண்டு, மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தது. முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. பெண்ணின் அப்பா அங்கே ஒரு படம் வேண்டும் என்றார். கோயில்களுக்குள் செல்போனுக்கே 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றம் தடை போட்டிருக்கிறது. கேமராவை எடுத்துக்கொண்டு உள்ளே போவதாக இல்லை. தரிசனம் முடித்து, வெளியே தள்ளி நின்று கோயிலும் கடலும் சேரும்படி எடுத்துக்கொள்ளலாம் என்று பேசி முடித்தோம்.

ஃபைபர் படகுகள் கரையில் கிடந்தன. அவற்றின் நீலமும் பச்சையும் பட்டுப்புடவைக்குப் பொருந்தும். வலையைப் பிரித்துக்கொண்டிருந்த பெரியவரிடம், “அண்ணே, போட்டுல உட்கார வச்சு ரெண்டு போட்டோ எடுக்கலாமா?” என்று கேட்டேன்.

“எடுத்துக்க. செருப்ப மட்டும் கீழ விட்டுட்டு ஏறச் சொல்லு. அது எங்களுக்குச் சோறு போடறது.”

போன வாரம் யாரோ கேட்காமல் ஹீல்ஸோடு ஏறினார்களாம். அந்தக் கோபம் அவர் குரலில் மிச்சமிருந்தது.

புடவை மாற்ற, வீதிக்குப் பின்னால் பெண்ணின் தூரத்துச் சொந்தமான ஓர் அக்கா வீட்டில் அறை கிடைத்தது. அம்மாவுக்கு அப்போதுதான் முகம் மலர்ந்தது. எனக்கும் அந்த நிமிஷம்தான் இடம் முடிவானது.

சன்செட்டுக்குப் பதிலாக மாப்பிள்ளைக்கு ஒன்று தர வேண்டியிருந்தது. திரும்பும் வழியில், ஆக்கூர் தாண்டி, சம்பா விளைந்து தலை சாய்ந்திருந்த வயல் ஒன்று கண்ணில் பட்டது. மேற்கே மரமோ கம்பமோ இல்லை. ஐந்து மணி வெயில் கதிருக்குப் பின்னாலிருந்து வரும். வரப்பில் நின்றிருந்தவரிடம் வண்டியை நிறுத்திக் கேட்டோம். “தாராளமா எடுங்க. ஆனா எப்ப மிஷின் வரும்னு எனக்கே தெரியாது, சொல்லி வச்சிருக்கேன்” என்றார். அவர் நம்பரை வாங்கிக்கொண்டு தினமும் சாயங்காலம் போன் போட்டேன். ஷூட் அன்று மத்தியானம், “பக்கத்து வயல்ல இறங்கிடுச்சு, சீக்கிரம் வாங்க” என்றார். கோட்டை நிழலில் இன்னும் கொஞ்சம் எடுக்கலாம் என்ற ஆசையை விட்டுவிட்டுக் கிளம்பினோம். திருக்கடையூரில் அறுபதாம் கல்யாண வேன்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் போனது. போய்ச் சேர்ந்தபோது அறுவடை மிஷின் அடுத்த வயலில் தூசி கிளப்பிக்கொண்டிருந்தது. அந்தத் தூசிக்குள் வெயில் புகுந்து தெரிந்ததை நான் காசு கொடுத்தாலும் ஏற்பாடு செய்திருக்க முடியாது. வரப்பின் பச்சைப் புல் முகத்தில் பச்சை அடிக்காமல் இருக்க, அத்தையின் வெள்ளைத் துண்டைக் காலடியில் விரித்து வைத்தோம்.

பில் கொடுத்தபோது பெண்ணின் அப்பா ஒரு வரியில் விரலை வைத்தார். “இடம் பார்க்கப் போனதுக்குமா காசு?” ஆமாம் என்றேன். பெட்ரோல், இரண்டு பேரின் வேலை நாள், வயல்காரரோடு பேசிய போன் என்று விவரம் சொன்னேன். ஐந்நூறு குறைத்துக்கொண்டு கொடுத்தார். இப்போதெல்லாம் ரெக்கி கட்டணத்தை அட்வான்ஸ் வாங்கும்போதே தனியாக எழுதி, கையெழுத்தும் வாங்கிக்கொள்கிறேன்.