தண்ணீர் விட்ட தயிர்

சென்னைக்குக் குடிவந்த முதல் மாதம் முழுக்க என் வீட்டுத் தயிர் சரியாகத் தோயவே இல்லை. ஓரத்தில் ஒரு கரண்டி எடுத்தால் போதும், சற்று நேரத்தில் அந்தக் குழியில் பச்சை கலந்த மஞ்சள் நீர் நிறைந்துவிடும். கும்பகோணத்தில் இருக்கும் அம்மாவுக்குப் போன் செய்தேன்.

“பாலை நல்லாக் காய்ச்சினியா?”

“பாக்கெட் பால்தானேம்மா, ஏற்கெனவே சூடு பண்ணித்தான் வருது. வெதுவெதுன்னு ஆக்கி உறை ஊத்திட்டேன்.”

“அது போதாதுடா. பொங்கினதுக்கு அப்புறமும் சிறுதீயில பத்து நிமிஷம் கிடக்கணும்.”

கிருமிக்காகத்தான் காய்ச்சுகிறோம் என்று நினைத்திருந்தேன். சரி, பார்த்துவிடலாம் என்று ஒரே பாக்கெட் பாலை இரண்டாகப் பிரித்தேன். ஒன்றை வெதுவெதுப்பாக்கியதோடு சரி. இன்னொன்றைப் பொங்கவிட்டு, பத்து நிமிடம் சிறுதீயில் வைத்தேன். சுண்டியதால்தான் கெட்டியானது என்று ஆகிவிடக் கூடாதே, அதனால் எடை பார்த்து, வற்றிய அளவுக்கு வெந்நீர் சேர்த்தேன். இரண்டும் ஒரே சூட்டுக்கு வந்ததும் ஆளுக்கொரு ஸ்பூன் உறைமோர். காலையில் முதல் கிண்ணம் சரித்ததும் உடைந்து நீர்விட்டது. இரண்டாவது அசையாமல் நின்றது.

அன்றிலிருந்து பாலுக்குள் இருக்கும் துகள்கள்மேல் எனக்குத் தீராத ஆசை.

பசும்பாலின் புரதத்தில் ஏறக்குறைய 80 சதவீதம் கேசின். அது தனித்தனி மூலக்கூறுகளாகக் கரைந்து கிடப்பதில்லை. ஆயிரக்கணக்கில் சேர்ந்து, மைசெல் என்னும் உருண்டைகளாக மிதக்கிறது. ஒரு மைசெல்லின் குறுக்களவு சராசரியாக 150 முதல் 200 நானோமீட்டர். நம் தலைமுடி ஒன்றின் குறுக்கே ஏறக்குறைய 500 உருண்டைகளை வரிசையாக நிறுத்தலாம். வெண்ணெய் எடுத்த பிறகும் பால் வெள்ளையாக இருப்பது இவை ஒளியைச் சிதறடிப்பதால்தான். உள்ளே பஞ்சுபோல நிறைய நீர். ஆங்காங்கே கால்சியம் பாஸ்பேட் பொடிக்கட்டிகள் கேசின்களைப் பிணைத்து வைத்திருக்கின்றன. கன்றுக்குட்டியின் எலும்புக்கு வேண்டிய சுண்ணாம்பு, படிந்துவிடாமல் திரவமாகவே மடியிலிருந்து வந்து சேர்வது இந்த ஏற்பாட்டால்தான். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

உருண்டையின் மேற்பரப்பில் காப்பா கேசின் என்ற வகை, மெல்லிய ரோமம்போல வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. எதிர்மின்னேற்றம் கொண்ட அந்த ரோமங்கள் இருக்கும்வரை ஒரு மைசெல் இன்னொன்றோடு ஒட்டாது. உறைமோரின் பாக்டீரியாக்கள் பாலின் சர்க்கரையான லாக்டோஸைத் தின்று லாக்டிக் அமிலம் விடுகின்றன. பாலின் பிஎச் (புளிப்பு ஏற ஏற இறங்கும் அளவு) 6.7-லிருந்து இறங்க இறங்க மின்னேற்றம் குறைகிறது, ரோமங்கள் படிந்துபோகின்றன, உள்ளிருக்கும் கால்சியம் பாஸ்பேட்டும் கரைந்து வெளியேறுகிறது. 4.6-ஐ நெருங்கும்போது விலக்கி வைக்க ஏதுமில்லை. துகள்கள் சங்கிலி சங்கிலியாகக் கோத்துக்கொண்டு வலையாகின்றன. அந்த வலை பிடித்து வைத்திருக்கும் நீர்தான் தயிரின் பெரும்பகுதி.

அப்படியானால் காய்ச்சுவது எதற்கு? மீதி 20 சதவீதம் மோர்ப்புரதம். அதில் முக்கியமானது பீட்டா லாக்டோகுளோபுலின். 70 டிகிரிக்கு மேல் போகும்போது இது மடிப்பு விரிந்து, காப்பா கேசினோடு கந்தகப் பிணைப்பால் ஒட்டிக்கொள்கிறது. இப்படி மேலே புரதம் பூசிய மைசெல்கள் பிஎச் 5.2 வாக்கிலேயே கோக்கத் தொடங்கி, நெருக்கமான, உறுதியான வலையைக் கட்டுகின்றன. பாக்கெட் பாலைச் சூடுபடுத்தும் வழக்கமான பாஸ்டரைசேஷன் 72 டிகிரியில் 15 விநாடிதான். கிருமிக்கு அது போதும். மோர்ப்புரதம் விரிவதற்குப் போதாது. தயிர்த் தொழிற்சாலைகளிலும் பாலை 90 டிகிரிக்கு மேல் ஐந்து நிமிடம்போல நிறுத்தி வைப்பார்கள். அம்மா சொன்ன சிறுதீயும் அதே வேலையைத்தான் செய்கிறது.

எருமைப்பாலில் கேசினும் கால்சியமும் கூடுதல். ஊரில் எருமைத் தயிரைக் கத்தியால் வெட்டலாம் என்பார்களே, காரணம் அதுதான்.

இவ்வளவையும் அம்மாவிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

“உறை ஊத்தின பாத்திரத்தை ஆட்டாம வச்சியா?”

அடுத்த சோதனையில் பிஎச் தாளை நனைக்க அரைமணிக்கு ஒருமுறை கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டிருந்தேன். பாதி கட்டிய வலை அசைந்தால் அறுந்துபோகும். அந்தக் கிண்ணத்தில் மட்டும் மறுபடி தண்ணீர் நின்றது.